ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் ‘ஷி’, ‘மாச்சி’, ‘முரா’ என்பதெல்லாம் என்ன? முகவரியில் எப்படி எழுதுவது?

ஷி நகரம், மாச்சி பேரூர், முரா கிராமம். தொயாமாவில் 10 ஷி, 4 மாச்சி, ஒரே ஒரு முரா; மொத்தம் 15தான். ஜப்பானில் இவ்வளவு குறைவாக வேறெந்த மாகாணத்திலும் இல்லை. 2004-06இல் நடந்த இணைப்புகளே காரணம்: நான்தோ நகரம் மட்டும் எட்டு ஊர்களை விழுங்கியது. சேராமல் தனித்து நின்றது ஃபுனாஹாஷி முரா. சுமார் 3.5 சதுர கிலோமீட்டர், பரப்பில் நாட்டிலேயே சிறியது!

ஷி ஆக பொதுவாக 50,000 பேர் வேண்டும். பிறகு மக்கள்தொகை குறைந்தாலும் தகுதி தானாகப் பறிபோகாது.

முகவரியில் ஷிக்கு மாகாணப் பெயருக்குப் பின் நேரே நகரப் பெயர். மாச்சி, முராவுக்கு நடுவே ‘குன்’ (மாவட்டம்) வரும்: தொயாமா-கென் (மாகாணம்), ஷிமோநீகாவா-குன், அசாஹி-மாச்சி. இதில் மாகாணத்தை விட்டுவிடாதீர்கள். யமகாத்தாவிலும் ஓர் அசாஹி-மாச்சி உண்டு.