தோட்டத்துக்கு வரும் ராபின் பறவையைக் கையில் வந்து தின்னும்படி பழக்க முடியுமா?

முடியும். எனக்கு ஏழு வாரம் ஆனது.

நீங்கள் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இதே ராபின் பெரும்பாலும் ஆளைக் கண்டதும் புதருக்குள் ஒளியும். அமெரிக்காவில் ராபின் என்றால் வேறு பறவை, மைனா அளவு இருக்கும். நம் ஊர் குண்டுகரிச்சான்தான் இங்கிலாந்து ராபினுக்கு அதைவிட நெருங்கிய சொந்தம்.

க்ராய்டனில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு வேன் நிறுத்தும் அளவுக்கு மண் இருக்கிறது. ஒரு அக்டோபரில் பூண்டு நடுவதற்காகக் கொத்திக்கொண்டிருந்தேன். இரண்டு கை தூரத்தில் ஒரு ராபின் வந்து உட்கார்ந்தது. நான் மண்ணைப் புரட்டப் புரட்ட, அது மண்புழுவை இழுத்துத் தின்றது. ஸ்பேடை நட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், அதன் கைப்பிடி மேலேயே ஏறி நின்றது. எனக்கு ஒரே பெருமை. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: “உன்னைப் பன்றி என்று நினைத்திருக்கும்.”

விளையாட்டில்லை, விஷயம் உண்மைதான். காட்டில் பன்றி மண்ணைக் கிளறும்போது பின்னாலேயே போய்ப் புழு பொறுக்குவது ராபினின் பழைய வழக்கம். இங்கே பன்றி போய்த் தோட்டக்காரர் வந்துவிட்டார். ஆகவே முதல் வேலை பாதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது. மண்ணைக் கிளறுங்கள், அதுவாகவே வரும்.

அடுத்தது தீனி. ரொட்டியெல்லாம் வேண்டாம். மீல்வார்ம் என்று செல்லப்பிராணிக் கடையில் விற்கும் புழுவை உயிரோடு வாங்குங்கள். காய்ந்த புழுவும் கிடைக்கும், ஆனால் நெளிகிற புழுவுக்கு இருக்கும் மரியாதை அதற்கு இல்லை. குளிர்ச்சியில் வைத்தால் புழு பல நாள் தாங்கும். அதற்காக ஃபிரிட்ஜில் சாம்பார்ப் பொடிக்குப் பக்கத்தில் நான் வைத்த டப்பாவை மனைவி திறந்து பார்த்த கதையை இங்கே சொல்லப்போவதில்லை. இப்போது அது ஷெட்டில் இருக்கிறது.

டிசம்பர், ஜனவரிதான் சரியான காலம். நீளமான குளிர் இரவில் உடம்புக் கொழுப்பைச் செலவழித்துவிட்டு, விடியும்போது பசியோடு வரும். நான் தினமும் காலை எட்டு மணிக்கு, அதே நீல ஜாக்கெட்டோடு, நாக்கால் ஒரே மாதிரி ‘டொக்’ என்று ஒலி எழுப்பிவிட்டு, பூந்தொட்டித் தட்டில் நாலு புழு வைப்பேன். முதலில் வீட்டுக்குள் போய்விடுவேன். அப்புறம் பத்தடி தள்ளி நின்றேன், அப்புறம் ஐந்தடி. அப்புறம் தட்டைத் தரையில் வைத்து அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கடைசியில் தட்டை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தேன். உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணை எடுக்காமல் பார்ப்பது பூனையின் வேலை, அது பறவைக்குத் தெரியும்.

முதல் தடவை விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் பறந்துபோனது. மூன்றாம் நாள் நின்றது. பதினெட்டு கிராம்தான் இருக்கும், ஒரு பவுண்டு நாணயம் இரண்டின் எடை. ஆனால் எடை தெரியவே இல்லை. தெரிந்தது நகம்தான். குளிர்ந்த மெல்லிய கம்பி நாலைந்து, தோலைக் கிள்ளாமல் பிடித்த மாதிரி. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது, குனிந்து ஒரு தடவை வாலை ஆட்டியது, பெரிய புழுவாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று ஆபீசுக்கு லேட்.

இது நான் கண்டுபிடித்த வித்தையில்லை. முதல் உலகப் போர் தொடங்கியபோது இங்கே வெளியுறவு அமைச்சராக இருந்த எட்வர்ட் கிரே, ஃபாலோடனில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் ராபின்களுக்கு இப்படித்தான் கையில் புழு வைத்துக் கொடுத்தார்.

அந்தக் குளிர்காலம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். காக்கைக்கு வைக்காமல் சாப்பிடாத கை. “புழுவா போடுவ? பாவம், சோறு வைடா” என்று ஒரு பிடி வைத்தார். ராபின் வந்து பார்ப்பதற்குள் இரண்டு புறா வந்து துடைத்துவிட்டுப் போயின. அம்மாவுக்கு அதிலும் திருப்திதான்.

பார்க்கச் சாது, ஆனால் ரவுடி. 1930களில் டெவனில் டார்டிங்டன் பள்ளி ஆசிரியராக இருந்த டேவிட் லாக், செத்த ராபின் ஒன்றைப் பதப்படுத்தித் தோட்டத்தில் வைத்துப் பார்த்தார். அந்த இடத்தைத் தன் எல்லையாக வைத்திருந்த ராபின் அதைத் தாக்கியது. ராபின் மார்பின் சிவப்பு இறகை மட்டும் கொத்தாக வைத்தாலும் மிரட்டியது. இரண்டு ராபின் நெருக்கத்தில் தீனி வைத்துச் சண்டை மூட்டிவிடாதீர்கள், செத்தும் போகும்.

மார்ச்சில் என் கையிலிருந்து எடுத்த புழுவைத் தின்னாமல், வேலி மேல் இறக்கை நடுங்க உட்கார்ந்திருந்த இன்னொன்றுக்கு ஊட்டியது. குஞ்சு என்று நினைத்தேன். மார்பு சிவப்பாக இருந்தது; குஞ்சுக்குச் சிவப்பு வராது, உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளிதான். அது ஜோடி. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பதால், நான் மூன்று மாதமாகப் பழகியது ஆண் என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்டு வாக்கில் ஆளைக் காணவில்லை என்றால் பதறாதீர்கள். இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் வரை பாடாமல் ஒளிந்திருக்கும். நான் பக்கத்துத் தெருப் பூனையைத் திட்டித் தீர்த்தேன். செப்டம்பரில் அதே ஆப்பிள் மரத்தில் பாட்டுக் கேட்டது. டப்பாவோடு ஓடினேன், நேராகக் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு வரவில்லை. பெரும்பாலான ராபின்களுக்கு ஆயுள் இரண்டு வருடம்கூட இருக்காது. இப்போது அந்த மரத்தில் இருப்பது வேறு ஒன்று. ‘டொக்’ என்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. நேற்றுதான் ஸ்பேடு கைப்பிடி வரைக்கும் வந்திருக்கிறது.