எழுப்பிவிட்ட கூட்டம்

அன்புள்ள ஐயா,

கடற்கரைப் பறவைகளைப் படமெடுக்கப் பழகி வருகிறேன். என்னிடம் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக நடந்தாலும், படமெடுக்கும் தூரத்துக்குப் போவதற்குள் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பறந்துவிடுகின்றன. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் தீருமா? உருமறைப்பு உடை தேவையா? ரா-வில் எடுப்பதா, ஜேபெக் போதுமா? சும்மா நிற்கும் பறவைகளின் படம் சலித்துப்போனதால், நண்பனைக் கூட்டத்துக்குள் ஓடச் சொல்லி, அவை எழும்பும்போது ஒரு படம் எடுத்தேன். இணைத்திருக்கிறேன். எல்லோரும் பாராட்டினார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கதிர்

அன்புள்ள கதிர்,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனை இறக்கைகளில் ஒன்றுகூடக் கலங்கவில்லை, வெளிச்சமும் சரியாக விழுந்திருக்கிறது. உங்களுக்குக் கண் இருக்கிறது, கையும் இருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது. இப்படி ஓடவிட்டு எடுத்த படங்கள் கொஞ்ச நாளாகவே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. யாரிடம் சொல்வது என்றிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

ரா-வில், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பில், எடுங்கள். உடை வெள்ளையாக இல்லாவிட்டால் போதும். லென்ஸ் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் நீண்ட, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்த அலகோடு இருப்பவை பட்டைவால் மூக்கன்கள். 2022-ல் இந்த இனத்தின் இளம்பறவை ஒன்று, பிறந்து ஐந்தே மாதம் ஆனது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்குப் பறந்தது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்கவில்லை. முதுகில் கட்டியிருந்த செயற்கைக்கோள் கருவி சொன்ன கணக்கு இது. கடற்காகம்போல நீரில் இறங்கி மிதந்து இளைப்பாற இவற்றால் முடியாது. கிளம்பும்போது உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கும்; அந்தச் சுமைக்கு ஈடாக இரைப்பையும் குடலும் சுருங்கிவிடும். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? ஓதம், அதாவது கரையில் ஏறி இறங்கும் கடல்நீர், வற்றியிருக்கும் சில மணி நேரத்தில், சேற்றுக்குள் அலகை விட்டு ஒவ்வொரு புழுவாகத் தேடி எடுத்ததிலிருந்து. ஓதம் ஏறிவிட்டால் பந்தி முடிந்துவிடும். மிஞ்சிய மணல் திட்டில் ஒற்றைக்காலில் நின்று தூங்கும். உங்களுக்குச் சலிப்பூட்டிய காட்சி அதுதான். உங்கள் நண்பர் ஓடியது அந்தத் தூக்கத்துக்குள்.

ஒரு தடவைதானே என்பீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு நாய் வந்திருக்கும். அதற்கு முன் யாரோ ஓட்டப்பயிற்சிக்கு வந்திருப்பார்கள். உங்களுக்குப் பின்னால், உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு இன்னொருவர் தன் நண்பரோடு வருவார். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் எரிகிறது. செலவு பறவையுடையது, பாராட்டு உங்களுடையது.

சரி, பறவையை விடுங்கள், படமாகவே பார்ப்போம். விரட்டி எடுத்த படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: முதுகு, வால், உங்களைவிட்டு விலகும் கோடு. அந்தப் பறவை எப்படி வாழ்கிறது என்று அதில் ஒன்றுமே இல்லை. கூட்டம் தானாகவும் எழும்பும். பைரி என்ற வேட்டைப் பறவை மேலே வந்தால் எழும்பும், கடைசித் திட்டையும் தண்ணீர் மூடும்போது எழும்பும். அதற்குக் காத்திருந்து எடுங்கள், நானே பாராட்டி எழுதுகிறேன்.

ஒருமுறை ஓதம் ஏறத் தொடங்குவதற்கு முன்பே போய், சிப்பிகள் குவிந்த கரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். கேமராவை மணலோடு மணலாக வைத்துவிட்டேன். தண்ணீர் ஏற ஏறப் பறவைகளே என்னை நோக்கித் தள்ளப்பட்டு வந்தன. கல்திருப்பி உள்ளான் ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து, காய்ந்த கடற்பாசியின் ஓரத்தில் அலகைக் கொடுத்து, பாயைச் சுருட்டுவதுபோல நெற்றியால் முட்டிச் சுருட்டியது. அடியிலிருந்து மணல்தத்திகள் என்ற குட்டிப் பூச்சிபோன்ற உயிர்கள் நாலாபுறமும் தெறித்தன. ஒன்றைப் பிடித்து விழுங்கியது, லென்ஸை ஒரு பார்வை பார்த்தது, அடுத்த சுருளுக்குப் போனது. ஆரஞ்சுக் கால்களில் ஒட்டியிருந்த மணலை என்னால் எண்ண முடிந்திருக்கும். அவ்வளவு கிட்டத்தில் வந்த பறவைக்கு 600 எதற்கு? உங்கள் 300 தாராளம். தூரத்திலிருந்தே எடுக்கலாம் என்று பெரிய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு வெயில் ஏறியதும் தெரியும்: சூடான மணலுக்கு மேல் காற்று நெளியும், எந்த லென்ஸிலும் இறகு துலங்காது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள். ஓத நேர அட்டவணை பாருங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

நடந்து போகாதீர்கள் என்பதுதான் மொத்தத்தில் நான் சொல்வது. நின்ற மனிதன் வானத்தை வெட்டிக்கொண்டு தெரிகிறான், படுத்தவன் தெரிவதில்லை. எல்லாப் பறவையும் ஒரே மாதிரியும் இல்லை. அலையோடு ஓடித் திரும்பும் சின்ன உள்ளான்கள் கொஞ்சம் பொறுக்கும், கோட்டான் (ஆந்தையல்ல, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) பொறுக்காது. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே அது உங்களைக் கணக்கில் எடுத்துவிட்டது. சிவந்த கால்களுள்ள பவழக்காலி தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் அடுத்தது கத்தல், பிறகு கூட்டமே காலி. தலை தூக்கியதும் அசையாதீர்கள். மறுபடி குனியவில்லையா, மெல்லப் பின்வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில உப்புக்கொத்திகள் கடற்கரையிலேயே முட்டையிடும். மணலில் சின்னப் பள்ளம், மணல் நிறத்தில் புள்ளிபோட்ட முட்டைகள், மிதித்த பிறகுதான் தெரியும். ஒடிந்த இறக்கையை இழுப்பதுபோல ஒரு பறவை உங்கள் முன்னால் தத்தித் தத்திப் போனால் நல்ல படம் என்று கேமராவைத் தூக்காதீர்கள். கூடோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. உங்களை அங்கிருந்து அழைத்துப்போகத்தான் அந்த நடிப்பு. அது வெயிலில் நடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் நிழலில்லாமல் கிடக்கின்றன. காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். நண்பரிடமும் சொல்லுங்கள்.