தண்ணீரில் மூழ்கினாலும் சாகாத நெல் மரபணு மாற்றுப் பயிரா?

கேள்வி: டெல்டா பக்கம் 'சி.ஆர். 1009 சப்-1' என்று ஒரு நெல் போடுகிறார்கள். 2 வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் அழுகாதாம். இது மரபணு மாற்றுப் பயிரா? இட்லிக்கு ஊறப்போடலாமா?

மரபணு மாற்றுப் பயிர் இல்லை. தாராளமாக ஊறப்போடலாம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்வியை என் பெரியப்பா ஒரு பொங்கலுக்குக் கேட்டார். "ஏ பாப்பா, அது ஊசி போட்ட நெல்லாமே?" நான் அப்போது நெல் மரபியலில் ஆராய்ச்சி மாணவி. குரோமோசோம், மார்க்கர் என்று ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஊசிதான்" என்று எழுந்து போய்விட்டார். அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

1009 நமக்குப் பழகிய நெல்தான். 1982-இல் வந்தது, சாவித்திரி, பொன்மணி என்றும் பெயர் உண்டு. குண்டு நெல், 155 நாளுக்கு மேல் போகும் சம்பா ரகம். சி.ஆர். என்பது அது பிறந்த ஒடிசாவின் கட்டாக் நகரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். பின்னால் ஒட்டிக்கொண்ட அந்த 'சப்-1' மரபணுவும் ஒடிசாவிலிருந்து வந்ததுதான். அங்கே தாழ்நிலத்துக்காரர்கள் தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்வு செய்த ரகம் எஃப்.ஆர். 13ஏ. எஃப்.ஆர். என்றால் வெள்ளத்தைத் தாங்குவது என்று அர்த்தம். தண்ணீருக்குள் 2 வாரம் கிடந்து எழுந்து நிற்கும். ஆனால் ஆளுயரம் வளர்ந்து சாயும், விளைச்சல் சொற்பம். அதை அப்படியே வயலில் போட யாரும் தயாரில்லை.

ஆக வேலை என்னவென்றால், அதனிடம் இருக்கும் அந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும். சொல்ல எளிது. எந்த மரபணு என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்? 1996-இல் கலிஃபோர்னியாவில் கெனாங் சூ, டேவிட் மேக்கில் இருவரும் அது 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள். அந்தத் துண்டுக்குள் எந்த மரபணு என்று சொல்ல இன்னும் 10 வருடம் ஆனது. 2006-இல்தான் சப்-1ஏ என்ற பெயரோடு வெளிவந்தது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மரபணுதானா என்று உறுதி செய்ய, வெள்ளம் தாங்காத ஒரு ரகத்துக்குள் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தச் செடி மரபணு மாற்றுச் செடிதான். ஆனால் அது சோதனைக்கூடத்துச் சாட்சி மட்டும். வயலுக்கு வந்த நெல் அதன் வாரிசு இல்லை, மகரந்தம் தூவிக் கலப்பு செய்து வந்தது. "மரபணு" என்ற சொல் காதில் விழுந்ததுமே "மரபணு மாற்று" என்று நினைத்துவிடுகிறோம், குழப்பம் அங்கேதான்.

அந்த மரபணு செய்யும் காரியம்தான் எனக்கு இன்றும் ஆச்சரியம். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவோம் இல்லையா? புகையில் இருக்கும் எத்திலீன் பழுக்க வைக்கும். அதே எத்திலீனை நெற்பயிரும் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும், காற்றில் கலைந்து போகும். பயிர் மூழ்கிவிட்டால் அந்த வாயு தண்ணீருக்குள் வெளியேற முடியாமல் தண்டிலேயே தேங்கும். சாதாரண நெல்லுக்கு அதுதான் அபாய மணி. உடனே மேலே எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து வெளிறிக்கொண்டே நீளும். 10 நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தால் கையிருப்பு காலி, கோரை மாதிரி படுத்துவிடும். அதாவது பாதிச் சாவு, பிழைக்க அது எடுத்த முயற்சியால்தான்.

சப்-1ஏ இருக்கிற பயிருக்கும் அதே மணி கேட்கும். ஆனால் அது நீளாது. வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனின் பேச்சைக் கேட்காதபடி தடுத்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மாவுச்சத்தும் பச்சையமும் கையில் இருப்பதால், தண்ணீர் வடிந்ததும் அடியிலிருந்து புது இலை விடும்.

வங்கதேசத்து ஆழ்நீர் நெல் இதற்கு நேர் எதிர். தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும், ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2009-இல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்து ஸ்னார்க்கெல் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவையும் சப்-1ஏவும் ஒரே குடும்பம். ஒரே வீட்டில் ஒருவன் ஓடு என்கிறான், ஒருவன் உட்கார் என்கிறான். மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்துக்கு ஓடுவது சரி. நம் ஊர் வெள்ளம் வந்து வடிவது, அதற்கு உட்காருவதுதான் சரி.

இனி கலப்புக்கு வருவோம். நெல் தன் பூவுக்குள் தானே சேர்ந்துகொள்ளும் ஜாதி. கதிர் வெளிவந்ததும் சாயங்காலம் ஒவ்வொரு பூவின் மேல் பகுதியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் 6 மகரந்தப் பையையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். கதிருக்குப் பட்டர் பேப்பர் பை மாட்டிவிட்டு வரலாம். மறுநாள் காலை 9 மணிக்கு மேல் அப்பன் செடி, அதாவது சப்-1 இருக்கிற ரகம், பூக்கும்போது அதன் கதிரைக் கொண்டுவந்து பைக்குள் உதறுவோம். இப்படிப் பிடிக்கும் மணி பாதி உமியோடு, மேலே அரிசி துருத்திக்கொண்டு, அரைகுறையாகச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருக்கும்.

என் முதல் பருவத்தில் அப்படி 40 மணி சேர்த்தேன். முளைக்க வைத்து, இலை கிள்ளி, டி.என்.ஏ. எடுத்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் இரண்டு பட்டை தெரிய வேண்டும். அம்மாவுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. என்னுடையதில் 31 செடிக்கு ஒரே பட்டை. எங்கோ ஒரு மகரந்தப் பையை விட்டிருக்கிறேன், அது உள்ளேயே வேலையை முடித்துவிட்டது. மீதி 9 செடியில் இரண்டை எலி தின்றது. 7 செடியை வைத்துக்கொண்டுதான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அடுத்த கட்டம் என்பது மறுபடி மறுபடி அம்மா செடியோடு, அதாவது நமக்கு வேண்டிய ரகத்தோடு, சேர்ப்பது. முதல் கலப்பில் ஆளுக்குப் பாதி. ஒருமுறை திரும்பச் சேர்த்தால் சராசரியாக 75 சதவீதம் அம்மா, அடுத்த முறை 87.5. ஒவ்வொரு முறையும் நாற்றுப் பருவத்திலேயே இலையைச் சோதித்து, சப்-1 இல்லாததைப் பிடுங்கிப் போட வேண்டும். இருப்பதிலும் அம்மாவின் சாயல் அதிகமுள்ளதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியப்பா சொன்ன 'ஊசி' இதுதான். சோதனைக்கூடம் செடிக்குள் எதையும் போடவில்லை, எந்த நாற்றைப் பிடுங்கலாம் என்று காட்டிக் கொடுத்தது, அவ்வளவே.

1009-க்கு முன்னால் இப்படி முதலில் தேறியது ஆந்திராவின் ஸ்வர்ணா ரகம். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2009-இல் ஸ்வர்ணா சப்-1 என்று இந்தியாவில் வெளியானது. எல்லாவற்றிலும் ஸ்வர்ணாவேதான், உமியின் நிறம் தவிர. ஸ்வர்ணாவின் பொன்பழுப்பு போய் வைக்கோல் நிறம் வந்துவிட்டது. சப்-1-க்குப் பக்கத்து வீட்டிலேயே உமி நிறத்தை அடக்கும் மரபணு இருந்து, கூடவே வந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான், கையில் எடுத்துப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துச் சொல்லலாம்.

ஒடிசாவில் வயல்களில் வைத்துப் பார்த்த ஆய்வில், 10 நாள் மூழ்கிய நிலத்தில் ஸ்வர்ணாவைவிட இது 45 சதவீதம் கூடுதலாகக் கண்டது. மூழ்காத வயலில் நஷ்டமும் இல்லை. எண்ணைவிட எனக்கு மனதில் நின்றது வேறு. அதிகப் பலன் பட்டியல் சாதி விவசாயிகளுக்குப் போனது, ஏனென்றால் தண்ணீர் தேங்கும் பள்ளக்காடு அவர்களிடம்தான் இருந்தது. நம் ஊரிலும் மேட்டு நிலம் யாரிடம், பள்ளம் யாரிடம் என்று யோசித்துப் பாருங்கள்.

விதைக்கடைக்காரர் சொல்லாத இரண்டு விஷயம். ஒன்று, நடவு பிடித்து தூர் கட்டும் பருவத்தில்தான் இது கைகொடுக்கும். முளைக்கும்போதோ பூக்கும்போதோ மூழ்கினால் சப்-1 ஒன்றும் செய்யாது. நேரடி விதைப்பு விதைத்த மறுநாளே மழை கொட்டினால் 1009-உம் ஒன்று, சப்-1-உம் ஒன்று. இரண்டு, வடிவாய்க்காலில் வெங்காயத்தாமரை மண்டி ஒரு மாதம் முட்டளவு தண்ணீர் நின்றால் எந்த மரபணுவும் காப்பாற்றாது. வாய்க்கால் தூர்வாராமல் ரகத்தை மட்டும் மாற்றச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

பெரியப்பா அடுத்த சம்பாவுக்கே அரை வேலியில் 1009 சப்-1 போட்டார், என் பேச்சுக்காக இல்லை, பக்கத்து வயல்காரர் போட்டிருந்தாராம். எங்களுடையது திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை. கார்த்திகையில் 9 நாள் மூழ்கியது. வடிந்த அன்று போன் செய்தார்: "சேறுதாம்மா தெரியுது. உழுதுட்டு வேற பாக்கவா?" 10 நாள் தொடாதீங்க, யூரியாவும் இப்ப வேணாம், புது இலை வந்தப்புறம் போடலாம் என்றேன். ஆறாம் நாள் ஒரு போட்டோ வந்தது. சேற்றுக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சை. கீழே ஒரு வரி: "ஊசி வேலை செய்யுது".