ஃபீஸ் மிச்சமாகும், சம்பளம் நின்றுபோகும்

கேள்வி: மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, அவர்கள் விருப்பப்படி வீட்டிலிருந்தே கற்க விடலாம் என்று இருக்கிறோம். நான் வேலையை விட்டுவிடுவேன் (சம்பளம் 34,000, அதில் அடிப்படைச் சம்பளம் 17,000, சேர்ந்து 4 வருடம் 3 மாதம்). கணவர் கையில் வாங்குவது 78,000. வீட்டுக்கடன் தவணை 26,000, குடும்பச் செலவு 35,000. ஃபீஸும் வேனுமாக வருடத்துக்கு 2,32,000; இந்த வருட ஃபீஸ் கட்டியாகிவிட்டது. அடுத்த வருடம் முதல் மிச்சமாகும் இந்தப் பணத்தை, இப்போது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் 15,000 எஸ்ஐபியோடு சேர்த்துவிடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: சகோதரி, கெட்டுப்போன மிக்ஸியை மகள் கழற்றி, காயில், கார்பன் பிரஷ் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்து பெயர் எழுதி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அவளுக்கு இது நடக்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன், அதனால்தான் கணக்கைக் கொஞ்சம் கறாராகப் போடுகிறேன்.

வீட்டில் கற்பதும் இலவசமில்லை. பாட்டு வாத்தியார், புத்தகம், நெட், வெளியூர்ப் பயணம் என்று மாதம் 9,000 வையுங்கள். 78,000-இல் தவணை, வீட்டுச் செலவு, இந்த 9,000 எல்லாம் போனால் மீதி 8,000. அதாவது எஸ்ஐபியைக் கூட்டுவது இருக்கட்டும், பாதியாகக் குறைக்க வேண்டிவரும்.

ஆகவே ஏப்ரல் வரை வேலையை விடாதீர்கள். அப்போது உங்களுக்கு 5 வருடம் முடிந்து கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 49,000 வரும், பிஎஃப் எடுத்தாலும் வரி பிடிக்காது (எடுக்காமல் விட்டுவைப்பதே நல்லது), குழந்தைகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும். எஸ்ஐபியை இன்றே 8,000 ஆக்கிவிட்டு, இந்த 9 மாதமும் கணவர் சம்பளத்தில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். உங்கள் சம்பளம் தொடப்படாமல் தனிக் கணக்கில் சேர்ந்தால் 3,06,000 ஆகும். மூன்றாம் மாதமே அதில் கைவைக்க நேர்ந்தால், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டீர்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் நாலு பேருக்கும் உங்கள் அலுவலகத்தில்தான் என்கிறீர்கள். வேலையை விட்டால் அது போய்விடும். குடும்பத்துக்குத் தனி பாலிசி இப்போதே எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், அந்தக் காலம் இன்றிலிருந்தே ஓடத் தொடங்கட்டும். அப்புறம், இனி கணவர் ஒருவர் சம்பாத்தியம்தான் என்பதால் அவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ் (ஆயுள் காப்பீடு மட்டும் தரும் பாலிசி) கட்டாயம். அவர் பழைய வரி முறையில் இருந்தால் ஒன்று: பள்ளிக்குக் கட்டும் டியூஷன் ஃபீஸுக்கு வரிக் கழிவு உண்டு, பாட்டு வாத்தியாருக்குக் கொடுப்பதற்குக் கிடையாது.

சான்றிதழை நினைத்துப் பயப்பட வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பதிவு 5 வருடம் செல்லும், அதற்குள் 9 முறை எழுதலாம், ஒவ்வொரு பாடமாகக்கூடத் தேறலாம். மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் இது பணத்துக்கும் உதவும், பத்தாவது தேறினால் 18 வயதுக்கு முன்பே மேற்படிப்புக்கென அதில் பாதி வரை எடுக்கலாம்.

சேர்ந்த 3,06,000-இல் 1,00,000-ஐ மட்டும் எஃப்டியில் போட்டு வையுங்கள். மகனுக்கு 7 வயதுதான், இரண்டு வருடம் கழித்து "எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்மா" என்று அவனே கேட்கலாம். அன்றைக்கு அட்மிஷன் ஃபீஸுக்கு யாரிடமும் கடன் கேட்டு நிற்கக் கூடாது.