அப்பாவுக்கு கவுட் இருந்தால் எனக்கும் வருமா? ரங்கூன் வாசகர்களின் கேள்விகள்

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி). எனக்கு வயது 34, யூரிக் அமிலம் 7.4. வலி எதுவும் இல்லை. எனக்கும் வந்தே தீருமா? (தாம்வே)

வந்தே தீரும் என்றில்லை. யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றுகின்றன. இதில் பங்குள்ள புரதங்களை உருவாக்குபவை எஸ்எல்சி2ஏ9, ஏபிசிஜி2 போன்ற மரபணுக்கள். ஏபிசிஜி2-இல் கியூ141கே என்றொரு மாற்றம் இருந்தால் அமிலத்தை வெளியே தள்ளும் திறன் பாதியாகிவிடும். ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் மூட்டில் படிகம் படியலாம். ஆனால் அளவு கூடியவர்களில் பெரும்பாலோருக்கு கவுட் வருவதே இல்லை. வலி வராதவரை இதற்கென மாத்திரை வேண்டாம். பீரையும் இனிப்பு பானங்களையும் குறையுங்கள். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்), நாப்பி (புளித்த மீன் விழுது) எல்லாம் விட்டாச்சு. வலி மட்டும் விடவில்லை. வீட்டில் "வாயைக் கட்டு" என்று திட்டுகிறார்கள். (பெகு)

திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வாழும் ஐரோப்பிய வம்சாவளியினர் 16,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை நியூசிலாந்து ஆய்வாளர்கள் அலசி 2018-இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் யூரிக் அமிலம் மாறுவதில் சுமார் 24 சதவீதத்துக்கு மரபணுக்கள் காரணம். எந்த ஒரு உணவுக்கும் 1 சதவீதப் பங்குகூட இல்லை. நாம் வேறு இனம் என்பதால் எண்கள் மாறலாம். ஆனாலும், பத்தியம் இருந்தும் வலி விடாதவரைக் குற்றவாளி ஆக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்குத் தேவை சரியான மருந்து. பருப்பை விட வேண்டியதும் இல்லை.

என் பாட்டி சீனர். கவுட்டுக்காக டாக்டர் அலோபுரினால் (யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) எழுதியிருக்கிறார். சாப்பிடலாமா? (மோல்மீன்)

நல்ல மருந்து, ஆனால் பாட்டியைப் பற்றி டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். எச்எல்ஏ-பி 58:01 என்ற மரபணு வகை உள்ள சிலருக்கு இந்த மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2005-இல் வெளியான தைவான் ஆய்வில், அப்படிப் பாதிக்கப்பட்ட 51 பேரிடமும் இந்த வகை இருந்தது. ஹான் சீனர், தாய்லாந்து மக்களிடம் இது அதிகம். நம் தமிழ்க் குடும்பங்களில் பர்மிய, சீன உறவு கலந்தவை ஏராளம். பெயரை வைத்து டாக்டர் அதை ஊகிக்க முடியாது. முதல் மாத்திரைக்கு முன்பே இந்த ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். இருப்பதாக வந்தால் அலோபுரினாலைத் தொடவே வேண்டாம், வேறு மருந்து உண்டு. இல்லை என்று வந்தாலும் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குவதே முறை. முதல் சில மாதங்களில் காய்ச்சல், தடிப்பு, வாய்ப்புண் எது வந்தாலும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்கு 60 வயதில் கவுட் வந்திருக்கிறது. பெண்களுக்கு வராது என்றார்களே?

மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் காக்கும், அப்புறம் வரலாம். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அதுவும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.