வேலியில்லாத வயல்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க நாட்டிங்ஹாம் வந்திருக்கிறேன். லாக்ஸ்டன் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். காலம் உறைந்த ஊர் என்றார்கள். வேலியில்லாத வெற்று வயல், ஒரு மண்மேடு, ஒரு தேவாலயம், அவ்வளவுதான். வழியில் கண்ட, செடிவேலி சூழ்ந்த பச்சை வயல்கள்தான் அசல் பழைய இங்கிலாந்தாகத் தெரிந்தன. இந்த ஊரைப் பற்றி எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

மண்மேடு நார்மன் கோட்டையின் மிச்சம், அதை விடுங்கள். அந்த வயலைப் போய் வெற்று வயல் என்று எழுத எப்படி மனம் வந்தது?

கொஞ்ச நாளாக அந்த வேலிகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பல அவ்வளவு பழையவையே இல்லை, சட்டம் போட்டு நட்டவை. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, 68 லட்சம் ஏக்கரை, அதாவது இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்கை, தனித்தனியாக அடைத்தது. அதற்கு முன் ஒவ்வொருவர் நிலமும் நீளநீளத் துண்டுகளாகப் பெரிய வயல்களில் சிதறிக் கிடக்கும், நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் கொஞ்சம் வரும், அறுவடை முடிந்தால் ஊர் மாடுகள் மேயும். வேலி வந்ததும் பத்திரம் உள்ளவனுக்கு நிலம் கிடைத்தது. வழக்கத்தை மட்டும் நம்பி ஒரு மாடு வைத்திருந்த ஏழை மாட்டை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனான். நீங்கள் ரசித்த அழகு அதுதான், கே., கொஞ்சம் கோபமாகத்தான் சொல்கிறேன்.

லாக்ஸ்டன் தப்பியது. 1635-இல் ஊரைத் துண்டு துண்டாக அளந்து வரைந்த படம் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் மூன்றிலும் இன்றும் சுழற்சிமுறையில் ஒன்றில் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு. டிராக்டர் ஓடுகிறது, துண்டுகள் குறைந்து பெரிதாகிவிட்டன, அப்புறம் எங்கே உறைந்தது? ஆண்டுதோறும் ஊர் விவசாயிகளே ஜூரியாக வயலில் இறங்கி, பக்கத்துத் துண்டிலோ புல்லோரத்திலோ யாராவது ஏர் ஓட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, எல்லைக் கட்டை அடித்து, அபராதம் போடுகிறார்கள். 1977-இல் இந்த மாதிரி மேனர் நீதிமன்றங்களின், அதாவது பழைய பிரபு நிலங்களின் உள்ளூர் நீதிமன்றங்களின், அதிகாரத்தைச் சட்டம் எடுத்துவிட்டபோதும் லாக்ஸ்டனுக்கு மட்டும் விட்டுவைத்தது.

நவம்பர் கடைசி வரை அங்கே இருந்தால் ஜூரி வயலுக்குப் போகும் நாளை விசாரித்துக்கொண்டு மறுபடி போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. சேறாக இருக்கும், நல்ல பூட்ஸ் வேண்டும்.