±10 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட் ஏடிசி-யில் படிக்க டிவைடர் மட்டும் போதுமா?

போதாது. டிவைடர், அதாவது ரெசிஸ்டர்களால் வோல்ட்டைப் பங்கிடும் சுற்று, சிக்னலைச் சுருக்கும், மேலே தூக்காது. −10 வோல்ட்டை எவ்வளவு சுருக்கினாலும் அது மைனஸ்தான். ஏடிசி, அதாவது வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி, அதன் பின்னுக்கு மைனஸ் ஆகாது. போர்டு எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. ப்ளூ பில், அதாவது எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள போர்டு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மூன்று ரெசிஸ்டர் வேண்டும். மூன்றின் ஒரு முனையையும் ஒன்றாகச் சேர்த்து ஏடிசி பின்னுக்குக் கொடுங்கள். மறுமுனைகளில் 33 கிலோ ஓம் சிக்னலுக்கு, 10 கிலோ ஓம் போர்டின் 3.3 வோல்ட்டுக்கு, 15 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. சென்சாரின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சிக்னல் −10 என்றால் பின்னில் 0.14 வோல்ட், 0 என்றால் 1.68, +10 என்றால் 3.21. நிரலில் பின்னின் வோல்ட்டை 6.5 ஆல் பெருக்கி 10.89 கழித்தால் அசல் சிக்னல் கிடைத்துவிடும்.

ரெசிஸ்டர் ஒரு சதவீத ரகம்தான் வாங்க வேண்டும். கடையில் பெரும்பாலும் தங்கக் கோடு போட்ட ஐந்து சதவீதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கோடுகளைப் பார்த்து வாங்குங்கள். 33 கிலோ ஓமில் ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு, சிவப்பு, கடைசியில் பழுப்பு என ஐந்து கோடு இருக்கும். அந்த 10 கிலோ ஓம் மட்டும் ஐந்து சதவீதம் தள்ளிப்போனாலே பூஜ்ஜியம் கால் வோல்ட் நகர்ந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: சென்சார் வயர் கழன்றுவிட்டால் பின்னில் 1.98 வோல்ட் நிற்கும், நிரலும் +1.98 வோல்ட் என்றே காட்டும். பார்த்தால் உண்மையான ரீடிங் போலவே இருக்கும். அந்த எண்ணிலேயே அசையாமல் நின்றால் முதலில் கனெக்டரைப் பாருங்கள்.

சேம்ப்ளிங் டைமை, அதாவது ஏடிசி பின்னின் வோல்ட்டை உள்ளே எடுக்கும் நேரத்தை, 1.5 சைக்கிளில் விடாதீர்கள். ஏடிசி-க்கு இந்த மூன்றும் சேர்ந்து சுமார் 5 கிலோ ஓமாகத் தெரியும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் நிரம்ப அந்த நேரம் பத்தாது. மெதுவான சிக்னல் என்றால் 239.5 வையுங்கள், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 நானோஃபாரட் போடுங்கள். அது சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னில் பிஏடி54எஸ் டயோடும் இருக்கட்டும், அதிக வோல்ட் வந்தால் அது திருப்பிவிடும். தவறி 24 வோல்ட் பட்டால் அது இல்லாமல் பின்னில் 5.4 வோல்ட் ஏறும்.

ஓப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கவோ தாங்கிக் கொடுக்கவோ உதவும் சிப்) இல்லாமல் இதெல்லாம் அளவீடா என்று கேட்க ஆள் வருவார்கள். சென்சாரின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது அதன் உள் தடை, 1 கிலோ ஓம் இருந்தால் 2.5 சதவீதம் குறைவாகக் காட்டும் என்பது உண்மை. அங்கே ஓப்-ஆம்ப் பஃபர் தேவைதான், ±10 தாங்க அதற்கு மைனஸ் சப்ளையும் தேவை. சில ஓம் மட்டுமே உள்ள சென்சாருக்கு எதற்கு? அதைவிட வருத்தம், எல்எம்358 என்ற ஓப்-ஆம்பை 3.3 வோல்ட்டில் ஓட்டி ஏடிசி-க்குக் கொடு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள். அதன் அவுட்புட் சப்ளைக்குச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 1.8 க்கு மேல் ரீடிங் ஏறாமல் புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் நிரலைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னுக்கு முன்னால் பஃபர் வேண்டுமென்றால் அவுட்புட் கிட்டத்தட்ட சப்ளை வரை ஏறும் எம்சிபி6002 வாங்குங்கள்.

உங்களிடம் இருப்பது இஎஸ்பி32 என்றால் இந்த மதிப்புகள் உதவாது. அதன் ஏடிசி 11 டெசிபல் அட்டென்யுவேஷனில் (உள்ளே வரும் வோல்ட்டைக் குறைத்துப் படிக்கும் அமைப்பு) 0.15 முதல் 2.45 வோல்ட் வரைதான் நம்பும்படி இருக்கும். 33 க்குப் பதில் 39, 15 க்குப் பதில் 8.2 கிலோ ஓம் போட்டால் 0.30 முதல் 2.37 க்குள் அடங்கும். அப்போது 9.656 ஆல் பெருக்கி 12.87 கழிக்க வேண்டும்.

ப்ளூ பில்லில் சரிபார்க்க, சிக்னல் முனையைக் கிரவுண்டில் தொடுங்கள். ஏடிசி தரும் எண் (0 முதல் 4095 வரை) 2080 ஆக வர வேண்டும், இருபது எண் முன்பின் இருக்கலாம். 3.3 வோல்ட் சப்ளை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் ஏடிசி ஒப்பிடுவதும் அதே 3.3 உடன்தான். அதற்கு மேல் விலகினால் ரெசிஸ்டர் ஏதோ மாறிப்போயிருக்கிறது.